மஞ்சள் சேறு

கோலார் தங்கவயலைப் பற்றிப் பேச வருகிறவர்கள் தங்கத்தில் ஆரம்பித்துத் தங்கத்திலேயே முடித்துவிடுவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் அங்கே மண்ணே கிடையாது என்று தோன்றும். எனக்கு அந்தப் பேச்சில் எரிச்சல் உண்டு. பேத்தமங்களாப் பக்கம் ஒரு சித்திரை மாதத்துப் பகலில் நாலு மைல் நடந்து பார்த்தவனுக்குத் தெரியும், அந்தச் சமவெளி எவ்வளவு காய்ந்தது, எவ்வளவு பிடிவாதமானது என்று. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளைக் கல் குன்றுகள், இடையிடையே கேழ்வரகுக் கொல்லைகள். அவற்றுக்கு நடுவே தெற்கு வடக்காக மைல் கணக்கில் ஓடுகிற ஒரு கறுத்த மேடு. அந்த மேட்டில்தான் சுரங்கங்கள் இருந்தன.

அந்தக் கறுப்புக் கல் ஒரு காலத்தில் நெருப்பாக இருந்ததாம். பூமி வாய் பிளந்து, குழம்பாகக் கக்கி, அது பரவி ஆறி இறுகிப் போனதாம். அதற்கப்புறம் மழையும் ஆறும் எத்தனையோ யுகமாக உட்கார்ந்து அரித்தன. இளகினதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் கடலில் கொட்டின, இளகாததை மேடாக விட்டுவைத்தன. இப்போதும் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் பாலாறு வெறும் மணல். ஐப்பசியில் ஒரு பத்து நாள் வரும். அந்தப் பத்து நாளில் அது பத்து வருஷத்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

பாலாற்றில் போய்ச் சேர்கிற ஓடை ஒன்று அந்தக் கறுப்பு மேட்டை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் கல், நடுவே முந்நூறு தப்படி அகலத்துக்குத் திறப்பு. எந்தக் காலத்திலோ, எந்த மகராசனோ அந்தத் திறப்பை மண் கரை போட்டு அடைத்து ஏரியாக்கிவிட்டான். கரையின் வடக்கு முனை கறுப்புக் கல்லில் முட்டி நிற்கும். அந்தக் கல் மேலேயே ஏரி நிரம்பி வழிகிற கோடி. அவ்வளவு நீண்ட மேட்டில் ஓடை ஏன் அந்த ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து அறுத்தது என்று யாராவது ஒருவர் யோசித்திருந்தால் நான் சொல்லப்போகிற கதை நடந்திருக்காது. யாரும் யோசிக்கவில்லை. தண்ணீர் வந்தது, நெல் விளைந்தது, போதும் என்று இருந்துவிட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். ஐப்பசி பிறந்து ஆறு நாள் விடாமல் மழை. ஏரிக்கு மேற்கே மேல்பள்ளி, கரைக்குக் கீழே கீழ்பள்ளி. ஏரி பின்பக்கமாக ஏறி மேல்பள்ளியில் பதினாலு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மண் சுவர்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. ஒரு சுவர் விழுந்து தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை ஒன்று செத்துப்போயிற்று. அதைப் புதைத்த கையோடு, மேல்பள்ளி நாகிரெட்டி நாற்பது ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடப்பாரை மண்வெட்டியோடு கரை ஏறினான். கரையை வெட்டிவிட்டால் ஏரி வடிந்துவிடும். கீழ்பள்ளி என்ன ஆகும் என்று கேட்கிற நிலையில் அவன் இல்லை.

கீழ்பள்ளி ஆட்கள் கரை மேலேயே காத்திருந்தார்கள். பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் போகவில்லை. சேற்றில் வழுக்கிக்கொண்டே அடித்துக்கொண்டார்கள். ஒருவன் மண்வெட்டியைத் திருப்பி அடித்ததில் நாகிரெட்டியின் தம்பிக்கு முழங்கை உடைந்து எலும்பு வெளியே வந்துவிட்டது. இன்னொருவனை ஏரிக்குள் தள்ளி, மூச்சு முட்டுகிறவரை தலையை அழுத்திப் பிடித்திருந்து, பிறகு அழுத்தினவர்களே பயந்துபோய்த் தூக்கிப் போட்டார்கள். கீழ்பள்ளியில் ஏரித் தண்ணீர் முதலில் பாய்கிற முதல் மடை வயலுக்குச் சொந்தக்காரன் சின்னசாமி. அவன் மண்டையில் கடப்பாரை பட்டு ரத்தம் கண்ணை மறைத்தது. அப்படியும் அவன் கையிலிருந்த தடியை விடவில்லை. பொழுது சாய்கிற நேரத்துக்கு இரண்டு பக்கமும் களைத்துப்போய் உட்கார்ந்தபோது நாகிரெட்டி சொல்லிவிட்டுப் போனான்: "நாளைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள தண்ணிய எறக்குங்க. இல்லாட்டி நூறு பேரோட வர்றேன். அப்ப மண்டையோட நிக்காது."

மறுநாள் காலையில் சின்னசாமியின் மனைவி தாயம்மா கோணியைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு தங்கவயலுக்குக் கிளம்பினாள். அங்கே சுரங்கத்துக் கூலி லைனில், மூங்கில் தட்டிக் குடிசையில், அவள் தம்பி தாமோதரன் இருந்தான். தாது வருஷப் பஞ்சத்தில் குடியாத்தம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து அப்பனையும் ஆத்தாளையும் வழியிலேயே பறிகொடுத்துவிட்டு, மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்தச் சீமைக்கு நடந்தே வந்தவள் அவள். அப்போது அவளுக்கு வயது பதினொன்று. கஞ்சித்தொட்டியில் ஊற்றுகிற ஒரு கரண்டிக் கஞ்சியில் முக்கால் கரண்டி அவனுக்கு, மிச்சம் அவளுக்கு. அந்தக் கணக்கைத் தாமோதரன் ஒரு நாளும் மறந்ததில்லை.

அவன் துளை போடுகிறவன். ஒருவன் துளைக்கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவன் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பான். முழ நீளம், இரண்டு முழ நீளம் துளை இறங்கியதும் அதில் வெடிமருந்துத் தோட்டாவைத் திணித்து வெடிக்க வைப்பார்கள். கம்பி பிடிக்கிறவனுக்குத்தான் காது வேண்டும், கல்லின் சத்தம் தெரிய வேண்டும். தாமோதரனுக்கு அந்தக் காது இருந்தது. போன வருஷம் ஆயிரத்து இருநூறு அடி ஆழத்து லெவலில் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பேசுது, ஓடுங்க" என்று கத்தி ஐந்து பேரை வெளியே தள்ளினான். அவர்கள் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் கல் தானாகவே வெடித்து அந்த இடத்தை மூடிவிட்டது. அன்றிலிருந்து லைனில் அவனுக்குப் பெரிய பெயர். பெயர் வந்தால் கூடவே திமிரும் வந்துவிடுகிறது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அவனுக்கும் சின்னசாமிக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. ஏதோ கோபத்தில் சின்னசாமி தாயம்மாவைக் கன்னத்தில் அறைந்துவிட, கேள்விப்பட்ட அன்றே தாமோதரன் போய் அவன் வாயில் குத்தி முன்பற்கள் இரண்டை உதிர்த்துவிட்டு வந்திருந்தான்.

குடிசை வாசலில் அக்கா நனைந்து நிற்பதைப் பார்த்ததும் அவன் எழுந்தான்.

"இன்னா யக்கா, இந்த மழைல?"

"மாமன் மண்டைய ஒடச்சிட்டாங்கடா."

"எவன்?"

"எவனா இருந்தா இன்னா. நீ வந்து இன்னொரு மண்டைய ஒடைக்கிறதுக்கு நான் நாலு மைல் நடந்து வர்ல. குந்து மொதல்ல."

தாமோதரனின் மனைவி பார்வதம்மா களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். கூரை நாலு இடத்தில் ஒழுகியது. ஒழுகாத இடமாகப் பார்த்து அக்காவை உட்கார வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே தாயம்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

"கதிர் தல சாஞ்சி நிக்குதுடா. இன்னும் பத்து நாள்ல அறுப்பு. கரைய வெட்டிட்டானுங்கன்னா கதிரும் போச்சு, வூடும் போச்சு. வெட்டலன்னா அவனுங்க வூடு போச்சு. அந்தக் கொழந்தயப் பொதைக்கிறத நான் பாத்தேன். அவனுங்க மேலயும் தப்பு சொல்ல முடியல."

"கோடி வழியா போவலியா?"

"போவுது. கோடிக்கல்லு ஒசரமா கீது, வழியிறது பத்தல. அது ஒரு மூணு அடி எறங்கிச்சின்னா ஏரி தானா அடங்கிடும்." அவள் களியை விழுங்கிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "நீ கல்லு ஒடைக்கிறவன்தானே?"

தாமோதரன் சிரித்துவிட்டான். அக்கா அவனிடம் எதையும் கேட்டதே இல்லை. முதல் தடவையாகக் கேட்கிறாள். அதுவும் அவனுக்குத் தெரிந்த ஒரே வேலையைக் கேட்கிறாள்.

"இந்தக் கறுப்புக் கல்லு இன்னா தெரியுமாக்கா? ஒரு காலத்துல நெருப்பாம். தோ, இந்தக் கொழம்பு மாதிரி கொதிச்சி ஓடிச்சாம். அளவு எடுக்க வந்த தொர சொன்னாராம், கிளார்க் ஆபிரகாம் எங்களுக்குச் சொன்னாரு."

"அதான் ஒனக்கு இவ்ளோ கோவம் வருது. நெருப்பு மேலயே குந்திகினு வேல செஞ்சா?"

"மாமா ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்காம? மண்டைல கட்டுப் போட்டுகினு படுத்துகினு கீறாரு. நீ வா."

அடுப்பு ஓரத்துக் கேழ்வரகுப் பானைக்குள்ளிருந்து தாமோதரன் ஒரு தகர டப்பாவை எடுத்தான். அதில் ஏழு தோட்டாக்களும் திரியும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஏரிகளில் தோட்டா போட்டு மீன் அடிப்பது லைன்காரர்களின் வழக்கம். அதற்காகச் சுரங்கத்திலிருந்து ஒன்றிரண்டாக மடியில் கட்டிக் கொண்டுவந்தது. பார்வதம்மா தடுத்துப் பார்த்தாள். "இது போலீசு சமாச்சாரம். எதுக்கும் ஒரு தடவ ரோசன பண்ணு." அவன் காதில் வாங்காமல் சுத்தியலையும் துளைக்கம்பிகளையும் சம்மட்டியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

இருவரும் கீழ்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை சற்று ஓய்ந்திருந்தது. ஏரி கரையின் விளிம்புக்கு இரண்டு சாண் கீழே நின்று தளும்பியது. சின்னசாமி தலைக்கட்டோடு எழுந்து வந்தான். மைத்துனனைப் பார்த்ததும் உதடு தானாக மூடிக்கொண்டது. பல் போனதிலிருந்து அவன் வாயைத் திறந்து சிரிப்பதில்லை.

"வாங்க மச்சான்," என்றான். இரண்டு வருஷத்துக்கு முன் 'வாடா' என்று கூப்பிட்டவன். அந்த மரியாதை தாமோதரனுக்கு உறைத்தது.

நாகிரெட்டிக்கு ஆள் அனுப்பினார்கள். அவனும் வந்து கோடிக்கல்லைப் பார்த்தான். வெடி வைத்துக் கோடியைத் தாழ்த்துவதில் அவனுக்குச் சம்மதம். கரை பிழைக்கும், அவன் ஊரும் பிழைக்கும். முந்தின நாள் கொலைவெறியோடு அடித்துக்கொண்டவர்கள் அன்றைக்கு ஒன்றாக நின்று ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமோதரன் நடுவில் நின்றான். அத்தனை பேரும் தன் வாயைப் பார்ப்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

அவன் சுத்தியலால் கல்லைப் பத்து இடத்தில் தட்டினான். கணீரென்று சத்தம் வந்தது.

"கெட்டி," என்றான். "வெடிச்சா வெடிச்ச எடத்தோட நிக்கும். பக்கத்துக்குப் போவாது."

சின்னசாமி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மச்சான், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. சித்திர வெயில்ல ஊரே காஞ்சி கெடக்கும்போது இந்தக் கல்லுக்கு அடியில கோரை பச்சையா நிக்கும். இந்தக் கல்லு வேர்க்குது."

"வேர்த்தா தொடச்சி வுடு."

"கரை முட்டிகினு நிக்கிற எடம் இது. கொஞ்சம் வடக்கால தள்ளி வெச்சா?"

"வடக்கால மேடு ஒசரம். பத்து அடி ஒடைக்கணும், என் கையில ஏழு தோட்டாதான் கீது." தாமோதரனின் குரல் ஏறியது. "கல்லப் பத்தி எனக்கு நீ சொல்றியா மாமா? நெல்லப் பத்திச் சொல்லு, கேட்டுக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாயம்மா கணவனின் கையைத் தொட்டு, "அவனுக்குத் தெரியுங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் யார் பேசுவது.

துளை போட வேண்டும். தாமோதரன் கம்பி பிடிப்பான், சம்மட்டி அடிக்க ஆள் வேண்டும். மேல்பள்ளிக்காரன் ஒருவன் முன்வந்தபோது சின்னசாமி அவனை விலக்கிவிட்டுத் தானே சம்மட்டியை எடுத்தான். உடைந்த மண்டையோடு அவன் அடித்த அடியைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். சாதாரணமாக ஒரு சாண் இறங்குவதற்கு நாற்பது, நாற்பத்தைந்து அடி வேண்டும். முதல் நாலு விரல் அப்படித்தான் இறங்கியது. அதற்கப்புறம் பத்துப் பத்து அடிக்கே ஒரு சாண் போயிற்று.

"இன்னா கை மாமா ஒனக்கு! லெவலுக்கு வந்துடு, மேஸ்திரி ஒன்னியத் தூக்கி வெச்சிக்குவாரு."

சின்னசாமி மூச்சு வாங்கினான். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு வந்தது, பல் போன ஓட்டை தெரிய. உடனே துளையின் வாயைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சேறு மஞ்சளா வருதே மச்சான்."

வந்தது. சுரங்கத்தில் துளையிலிருந்து வழிகிற சேறு கறுப்பாக இருக்கும், எழுதுகிற மை போல. இது மஞ்சளாக, குயவன் பிசைந்த மண்ணாக வழிந்தது. தாமோதரன் அதைப் பார்த்தான். விரலில் தொட்டும் பார்த்தான். "மழத்தண்ணி கலந்து வருது" என்று சொல்லிவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

இங்கேதான் எனக்கு அவன் மேல் ஆத்திரம் வருகிறது. ஆனால் அவன் எங்கே கற்றான் என்பதையும் பார்க்க வேண்டும். ஆயிரத்து இருநூறு அடி பாதாளத்தில் கல்லுக்குத் தோல் எப்படியோ உள்ளும் அப்படியே. தட்டினால் அது பொய் சொல்லாது. மேலே, வெயிலும் மழையும் ஆறும் தொட்ட கல்லுக்குத் தோல் வேறு, உள் வேறு. வெளியே நாலு விரல் இரும்பு, உள்ளே ஊறி ஊறி மண்ணாகிப்போன சதை. ஓடை அந்த இடத்தை அறுத்துக்கொண்டு போனதே அது இளகின இடம் என்பதால்தான். பூமிக்கு அடியில் உள்ள கல்லைப் படித்தவன், பூமிக்கு மேலே அதே கல்லைத் தப்பாகப் படித்துவிட்டான். மேலே மண்ணை உழுது வளர்ந்த சின்னசாமி சரியாகப் படித்தான், ஆனால் அவனுக்கு அன்றைக்குப் பேச வாய் இல்லை.

மூன்று துளை. ஏழு தோட்டாவையும் திணித்து, களிமண் அடைத்து, ஈரம் இறங்காமல் திரிக்குச் சோப்புப் பூசினான். கீழ்பள்ளி ஜனங்களைப் பிள்ளைகுட்டிகளோடு தெற்குப் பக்கத்துக் குன்றில் ஏற்றிவிட்டார்கள். அந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள். மாலை நாலு மணி சுமாருக்குத் தாமோதரன் திரியைக் கொளுத்திவிட்டு ஓடினான்.

வெடி மூன்றாகக் கேட்கவில்லை, ஒன்றாகக் கேட்டது. கறுப்புக் கற்கள் ஆள் உயரத்துக்கு எழும்பி ஏரியிலும் வயலிலும் விழுந்தன. புகை விலகியபோது கோடி இரண்டு மடங்கு அகலத்துக்குத் திறந்திருந்தது. தண்ணீர் சத்தத்தோடு அதில் புகுந்து வடக்கே இருந்த பழைய ஓடைப் பள்ளத்தில் விழுந்து ஓடியது. ஏரியின் விளிம்பு கண்ணெதிரே ஒரு விரல், இரண்டு விரல் என்று இறங்கியது. ஜனங்கள் கூவினார்கள். நாகிரெட்டி ஓடிவந்து சின்னசாமியைக் கட்டிக்கொண்டான். "மன்னிச்சிரு சாமி, மண்டைய ஒடச்சது என் ஆளுதான்" என்று அழுதான். தாமோதரனைத் தூக்கி நாலு பேர் தோளில் வைத்துக்கொண்டார்கள்.

கோடி புரண்டு ஓடினால் முதல் மடை வீட்டுப் பெண் ஏரிக்கு மஞ்சளும் குங்குமமும் வளையலும் போட வேண்டும். அது அந்தப் பக்கத்து வழக்கம். கரையின் வடக்கு முனையில், கல்லில் கரை முட்டுகிற இடத்தில், ஏழு கன்னிமார் கல் இருந்தது. அங்கே நின்றுதான் போட வேண்டும். தாயம்மா அதற்கு முறத்தோடு தயாராகவே வந்திருந்தாள். தம்பி வெற்றி பெறுவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஈரப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கரை மேல் நடந்து போய், கன்னிமார் கல்லுக்குக் குங்குமம் வைத்தாள். ஒரு பிடி மஞ்சளை ஏரியில் தூவினாள்.

"தாமு! வாடா, நீயும் ஒரு வளையல் போடு!"

தாமோதரன் கரையின் கீழ்ச் சரிவில் கைகால் கழுவ இறங்கியிருந்தான். அக்கா கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவன் காலடியில் தண்ணீர் மஞ்சளாக ஓடுவதைப் பார்த்தான். அக்கா போட்ட மஞ்சள்தான் என்று முதலில் நினைத்தான். அவள் போட்டது ஏரிப் பக்கம். இது கரைக்கு இந்தப் பக்கம். கரையின் அடியில், கல்லும் மண்ணும் சேர்கிற இடத்தில், கோரைப் புல்லுக்கு நடுவே பூசணிக்காய் அளவு ஓட்டை ஒன்றிலிருந்து அது பொங்கி வந்தது. துளையில் வந்த அதே சேறு.

"யக்கா! ஓடு! தெக்கால ஓடு!"

கோடியின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. அவன் கையை ஆட்டுவதைப் பார்த்து, "இன்னாடா?" என்று கேட்டபடி சரிவின் விளிம்புக்கு வந்தாள். தாமோதரன் நாலு கால் பாய்ச்சலில் சரிவில் ஏறினான். குன்றின் மேலிருந்து சின்னசாமி அலறிக்கொண்டு ஓடிவந்தான். தாமோதரனின் கைக்கு அவள் முந்தானை எட்டியது. அவன் பிடித்துவிட்டான். அந்த நேரத்தில் கன்னிமார் கற்களோடு கரை அப்படியே உட்கார்ந்தது. தாயம்மா நின்ற இடம் இல்லாமல் போயிற்று. முந்தானை கையோடு வந்தது, அவள் வரவில்லை.

தண்ணீர் அவனைத் தூக்கிக் கறுப்புக் கல்லில் அடித்தது. விலா எலும்பு மூன்று முறிந்தன. அங்கே ஒட்டிக்கொண்டு கிடந்தபடி அவன் எல்லாவற்றையும் பார்த்தான். ஏரி முந்நூறு தப்படிக் கரையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டே போயிற்று. தலை சாய்ந்த கதிர்கள் ஒரு நொடி நிமிர்ந்து நின்று பிறகு படுத்துவிட்டன. வீடுகள், வைக்கோல் போர்கள், கட்டவிழ்க்க மறந்த மாடுகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக உருண்டு பாலாற்றுப் பக்கம் போயின. சின்னசாமியை ஆறு பேர் சேற்றோடு சேறாக அழுத்திப் பிடித்திருந்தார்கள். அவன் அவர்கள் கையைக் கடித்தான். மனைவியின் பெயரைத் தவிர வேறு எதுவும் அவன் வாயில் வரவில்லை.

மூன்றாம் நாள் பாலாற்று மணலில், பேத்தமங்களாவுக்குக் கொஞ்சம் மேலே, தாயம்மா கிடைத்தாள். அவளைத் தவிர, கூவிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கி வந்திருந்த இன்னும் நாலு பேர் போயிருந்தார்கள். நிலமெல்லாம் மணல். இடுப்பளவு வெள்ளை மணல், அதன் மேல் அங்கங்கே கறுப்புக் கல். வெடிவைத்தது யார் என்று போலீஸ் வந்து கேட்டபோது இரண்டு ஊரும் ஒரே வாயாக, இடி விழுந்தது என்று சொல்லிவிட்டன. சின்னசாமியும் அப்படித்தான் சொன்னான். மைத்துனனை அவன் அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அவன் ஏசியிருந்தால் தாமோதரன் சீக்கிரம் தேறியிருப்பான் என்று பார்வதம்மா சொல்வாள். விலா எலும்பு கூடுகிறவரை தாமோதரன் சோறு இறங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

அடுத்த சித்திரையில் சின்னசாமி சுரங்கத்துக்கு வந்தான். கீழ்பள்ளியில் இனி உழ ஒன்றும் இல்லை. துளை வேலை மேஸ்திரி ஜேக்கப் அவனைப் பதிந்துகொண்டு, "யார்கூடப் போடட்டும்?" என்று கேட்டார்.

"தாமோதரன்கூடப் போடுங்க. நான் சம்மட்டி அடிக்கிறேன். அவன் கம்பி பிடிக்கட்டும்."

மேஸ்திரிக்குக் கதை தெரியும். எல்லாருக்கும் தெரியும். அவர் தாமோதரனைத் தனியாகக் கூப்பிட்டு, "வேற ஆளு தர்றேன்டா. இன்னாத்துக்கு வம்பு?" என்றார். "அவரே இருக்கட்டும்" என்றான் அவன்.

ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டில் இருவரும் ஆயிரத்து இருநூறு அடி இறங்கினார்கள். லெவலின் முனையில் மெழுகுவர்த்தியைக் களிமண் உருண்டையில் குத்திச் சுவரில் ஒட்டிவிட்டு, தாமோதரன் கம்பியை நிறுத்திப் பிடித்தான். சின்னசாமி சம்மட்டியைத் தூக்காமல் நின்றான்.

"கெட்டியா கீதா மச்சான்?"

தாமோதரன் கல்லைத் தட்டவில்லை. "தெரியல மாமா."

சின்னசாமி அடிக்க ஆரம்பித்தான். கம்பி பிடிக்கிறவன் சம்மட்டியைப் பார்ப்பதில்லை. அடிக்கிறவனின் மூச்சை வைத்தே அடி எங்கே விழும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். தப்பான மூச்சு வந்தால் கை தானாக விலகும். பதினோரு அடி சரியாக விழுந்தன. பன்னிரண்டாவது அடிக்குச் சின்னசாமி இழுத்த மூச்சு வேறு மாதிரி இருந்தது. தாமோதரனுக்குத் தெரிந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

சம்மட்டி அவன் வலது கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் கம்பிக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிப்போயின. அவன் தலைத்துண்டை அவிழ்த்துப் பல்லால் கடித்து இழுத்துக் கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். ரத்தம் துணியைத் தாண்டி முழங்கை வரை இறங்கியது.

சின்னசாமி சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். "கைய எடுத்திருக்கலாமில்ல நீ? ஒனக்குத் தெரியுமில்ல? எடுத்திருக்கலாமில்லடா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஏரி உடைந்த அன்றைக்கு அப்புறம் அவன் அழுதது அப்போதுதான்.

தாமோதரன் இடது கையால் கம்பியைப் பிடித்து மறுபடி துளையில் நிறுத்தினான்.

"இன்னும் ஒரு முழம் எறங்கணும் மாமா. அடி."

துளையின் வாயிலிருந்து சேறு மெல்ல வழிந்துகொண்டிருந்தது. சின்னசாமி மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுவந்து அதைப் பார்த்தான். விரலால் தொட்டு, தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கறுப்பாக இருந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு சம்மட்டியை எடுத்தான்.